கைக்குழந்தையோடு பருத்தி எடுக்கப் போனவர்

பிள்ளைகள் ஏழு பேர். வீட்டுக்காரர் இருப்பதோ வேறொரு மாநிலத்தில், வேறொரு ஊரில். வீட்டில் ஒரு பசு, இரண்டு பன்றிகள், கொஞ்சம் கோழிகள், ஒரு காய்கறித் தோட்டம். பிள்ளைகளின் துணிமணிக்குப் போதவில்லை என்று, அடுத்தவர் காட்டில் பங்குக்குப் பருத்தி எடுக்கப் போவார் அந்தத் தாய். கைக்குழந்தையையும் கூடவே தூக்கிக்கொண்டு போவார். குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் மூத்த பிள்ளைகள் இல்லையா என்றால், இருந்தார்கள். ஆனால் அந்த நேரத்தில் அவர்கள் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். முடிந்தவரை எந்தப் பிள்ளையின் படிப்பையும் வேலைக்காக நிறுத்துவதில்லை என்பதில் அவர் உறுதியாக இருந்தார்.

இது நடந்தது 1890-களில், அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், பங்கர்வில் என்ற பாலைவனச் சிற்றூரில். அவர் பெயர் மேரி ஆன் ஸ்டக்கி ஹாஃபன். மார்மன் என்று அழைக்கப்படும் கிறித்தவப் பிரிவைச் சேர்ந்தவர். ஆழ்ந்த பக்தி உள்ளவர். 91 வயது வரை வாழ்ந்தார். ராணியும் இல்லை, தலைவியும் இல்லை. பாலைவனத்தில் தண்ணீர் கட்டி, களை எடுத்து, பசு கறந்து பிள்ளைகளை ஆளாக்கிய ஒரு விவசாயப் பெண். அவரே எழுதி வைத்ததால்தான் அவர் வாழ்க்கை இன்றைக்கும் நமக்குக் கிடைக்கிறது.

ஆறு வயதில் ஆயிரம் மைல்

மேரி ஆன் பிறந்தது 1854-இல், சுவிட்சர்லாந்தின் பெர்ன் வட்டாரத்தில். பெற்றோர் மார்மன் சமயத்தைத் தழுவியவர்கள். அந்தச் சமயம் 1830-இல் அமெரிக்காவில் தொடங்கியது. அடுத்தடுத்து ஊர் ஊராக விரட்டப்பட்ட அந்த மக்கள், 1847-இல் மேற்கே மலைகளுக்கு நடுவே இருந்த வறண்ட பள்ளத்தாக்குக்குப் போய்ச் சேர்ந்தார்கள். இன்றைய யூட்டா மாநிலம் அதுதான். உலகத்தின் எந்த மூலையில் இருந்தாலும் அங்கே வந்து கூடி வாழ வேண்டும் என்பது அவர்களுக்குச் சமயக் கடமையாக இருந்தது. 1860-இல் ஸ்டக்கி குடும்பமும் புறப்பட்டது.

கப்பலில் கடலைக் கடந்து, ரயிலில் பாதி நாட்டைக் கடந்து, நெப்ராஸ்காவின் ஃப்ளாரன்ஸ் வரை வந்துவிட்டார்கள். அதற்கு மேல் சுமார் 1,000 மைல் பாக்கி. மாட்டு வண்டி வாங்கக் காசில்லாத ஏழைகளுக்குச் சபையார் கண்டுபிடித்த வழி, கைவண்டி. இரண்டு சக்கரம், ஒரு பலகை மேடை, முன்னால் இழுக்க ஒரு குறுக்குக் கட்டை. அவ்வளவுதான். மாடு பூட்ட வேண்டிய இடத்தில் மனிதர்கள் நின்று இழுக்க வேண்டும்.

சுமை ஏற்றும்போதுதான் எல்லாவற்றையும் கொண்டுபோக முடியாது என்று தெரிந்தது. மேரி ஆனின் தாய் இறகு மெத்தையையும், லினன் துணிக் கட்டையும், இரண்டு பெட்டி நிறையத் துணிமணியையும் அங்கேயே விட்டுவிட்டார். தகப்பனார் மிகவும் தேவையான கருவிகளை மட்டும் எடுத்துக்கொண்டார். அப்பாவும் அம்மாவும் வண்டியை இழுத்தார்கள். இரண்டு வயதுத் தங்கையும் ஆறு மாதத் தம்பியும் வண்டி மேல். ஒன்பது வயது அண்ணன் ஜானும் ஆறு வயது மேரி ஆனும் நடை. இறக்கம் வந்தால் மட்டும் மேரி ஆனுக்கு வண்டியில் கொஞ்ச நேரம் இடம் கிடைக்கும்.

பிள்ளைகளுக்குப் பால் வேண்டும் என்று தகப்பனார் ஒரு பசுவை வாங்கிக் கூட்டி வந்தார். வண்டிக்குப் பின்னால் கட்டினால் அது நடக்காமல் பின்வாங்கியது. சரி என்று அதையே வண்டியில் பூட்டி ஓட்டிப் பார்த்தார். ஒரு நாள் குதிரைகளில் வந்த செவ்விந்தியர்களின் அணிமணிச் சத்தத்தில் பசு மிரண்டது. குழந்தைகளோடு வண்டியையும் இழுத்துக்கொண்டு பாய்ந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால், வண்டி ஒரு பள்ளத்தில் கிடந்தது. குழந்தைகளுக்குப் பெரிய காயம் இல்லை. அதன் பிறகு பசுவை வண்டியில் பூட்டவில்லை.

போகப் போக உணவு குறைந்தது. அண்ணன் ஜான் பின்னாளில் எழுதிய ஒரு நிகழ்ச்சி உண்டு. வழியில் கொன்ற ஒரு காட்டெருமையின் இறைச்சியைக் கூட்டத்தார் பகிர்ந்துகொண்டார்கள். தகப்பனார் தம் பங்கை ஞாயிற்றுக்கிழமைக்கு என்று வண்டியின் பின்பக்கம் வைத்தார். வண்டியைப் பின்னால் நின்று தள்ளும் சிறுவனுக்கு அந்த வாசனை தாங்க முடியவில்லை. சின்னக் கத்தியால் கொஞ்சம் கொஞ்சமாக நறுக்கி, சக்கையாகும் வரை மென்றான். ஞாயிற்றுக்கிழமை தகப்பனார் கேட்டபோது, பசி பொறுக்கவில்லை என்று உண்மையைச் சொன்னான். அடி விழும் என்று நின்றவனைத் தகப்பனார் ஒன்றும் செய்யவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஜூலை 6-இல் புறப்பட்டவர்கள் செப்டம்பர் 24-இல் சால்ட் லேக் சிட்டியை அடைந்தார்கள். 80 நாள். 1856-இல் தொடங்கிய கைவண்டிக் கூட்டங்களில் அதுதான் பத்தாவது, அதுவே கடைசி.

பருத்தி விளைவிக்க அனுப்பப்பட்டவர்கள்

வந்து ஓராண்டு ஆனதும் அடுத்த கட்டளை. அமெரிக்க உள்நாட்டுப் போர் 1861-இல் தொடங்கிவிட்டது. தென் மாநிலங்களில் இருந்து பருத்தி வருவது நின்றுபோகும் நிலை. யூட்டாவின் தென்கோடியில் வெயில் அதிகம். அங்கே பருத்தி வரும் என்று சபைத் தலைவர் பிரிகாம் யங் கணக்குப் போட்டார். நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்கு அங்கே போகும்படி சொல்லப்பட்டது. சுவிஸ் குடும்பங்களுக்குச் சாண்டா கிளாரா ஓடைக்கரை ஒதுக்கப்பட்டது. பருத்தியோடு திராட்சையும் வளர்க்க வேண்டும் என்பது ஏற்பாடு.

1861 நவம்பரில் போய் இறங்கினார்கள். மண்ணைக் குடைந்த குழிவீடுகளில் தங்கிக்கொண்டு, முதல் வேலையாக ஓடையில் அணை கட்டினார்கள், வாய்க்கால் வெட்டினார்கள். அந்தக் குளிர்காலத்தில் நாள்கணக்கில் மழை விடவில்லை. 1862 தொடக்கத்தில் வந்த வெள்ளம் முன்பே அங்கிருந்த கல்கோட்டையை அடித்துக்கொண்டு போனது. புது அணையும் வாய்க்காலும் கூடவே போயின. கையில் விதை இருக்கிறது, நிலம் இருக்கிறது, தண்ணீர் கொண்டுவரும் வழி இல்லை. மீண்டும் மண்வெட்டியை எடுத்தார்கள்.

பாலைவனப் பாசனத்தில் இந்த மக்கள் வைத்திருந்த முறையைச் சொல்ல வேண்டும். தண்ணீர் தனி ஒருவருக்குச் சொந்தம் இல்லை. அணையும் வாய்க்காலும் ஊர்ப் பொது. எவ்வளவு நிலத்துக்குத் தண்ணீர் வேண்டுமோ அந்த அளவுக்கு அணை வேலைக்கும் வாய்க்கால் தூர்வாரலுக்கும் ஆள் தர வேண்டும். தண்ணீர் முறை வைத்துத்தான் வரும். வெள்ளம் வந்து அணை உடைந்தால் ஊரே கூடிக் கட்டும். பக்தியும் பாசனமும் அங்கே ஒரே ஊர்க்கூட்டத்தில் இருந்தன. விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு சபைக்கு. பணம் இல்லாத காலத்தில் அதைத் தானியமாக, வைக்கோலாக, முட்டையாகவே அளந்து கொடுத்தார்கள்.

மேரி ஆன் வளர்ந்தது அந்த ஊரில்தான். மண் வேலையும் தண்ணீர் வேலையும் அவருக்குச் சிறுவயதிலேயே பழக்கம்.

மனசுக்கு ஒப்பாத கலியாணம்

அக்கால மார்மன் சமயத்தில் ஒருவர் பல மனைவியரை மணப்பது ஒரு புனிதக் கடமையாகப் போதிக்கப்பட்டது. எல்லாரும் அப்படி வாழ்ந்தார்கள் என்பதில்லை. ஆனால் ஊரில் மதிக்கப்பட்ட பலர் அப்படி வாழ்ந்தார்கள். 1873-இல், 19 வயதில், மேரி ஆன் ஏற்கெனவே மணமான ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டார். சால்ட் லேக் சிட்டியில் கலியாணம் முடித்துத் திரும்பும் வழியில் வண்டி விபத்தில் அந்தக் கணவர் இறந்துபோனார். கலியாணம் ஆகி ஒரு வாரம்தான்.

அதே ஆண்டு இன்னொரு பேச்சு வந்தது. மாப்பிள்ளை ஜான் ஹாஃபன், அதே ஊர்க்காரர், சுவிஸ் குடும்பத்தவர். அவருக்கும் முதல் மனைவி இருந்தார். அந்த முதல் மனைவிக்கு இதில் சம்மதம் இல்லை. மேரி ஆனுக்கும் மனசு ஒப்பவில்லை. பெற்றோர் வற்புறுத்தினார்கள், சபைப் பெரியவர்கள் சொன்ன யோசனை என்றும் சொல்லப்பட்டது. அவர் இணங்கினார். முதுமையில் தம் கதையை எழுதும்போது அவர் இதை மூடி மறைக்கவில்லை. யார் மீதும் பழி போடவும் இல்லை. நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டுப் போகிறார்.

நம்பிக்கைதான் அவரை அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியது. அதைத் தாங்கி நிற்கும் பலத்தைக் கொடுத்ததும் அதே நம்பிக்கைதான். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த வாழ்க்கை புரியும்.

அமெரிக்க அரசு 1882-இலும் 1887-இலும் கடுமையான சட்டங்கள் கொண்டுவந்து பலதார மணம் செய்தவர்களைப் பிடித்துச் சிறையில் போட்டது. 1887 சட்டம் யூட்டா பெண்கள் 1870 முதல் அனுபவித்து வந்த ஓட்டுரிமையையும் பறித்தது. 1890 செப்டம்பரில் சபைத் தலைமை இந்த மணமுறையைக் கைவிடுவதாக அறிவித்தது. இன்று அந்தச் சபையில் இதற்கு இடமே இல்லை, செய்தால் விலக்கிவிடுவார்கள். ஆனால் ஏற்கெனவே இளைய தாரமாகப் பிள்ளைகளோடு இருந்த பெண்களின் கதி என்ன? அந்த அறிவிப்பு அவர்களுக்குச் சோறு போடவில்லை.

பங்கர்வில்லில் ஒரு மண்வீடு

1891 மே மாதம், 37 வயதில், மேரி ஆன் பிள்ளைகளோடு நெவாடாவின் பங்கர்வில்லுக்குக் குடிபெயர்ந்தார். கணவர் கொண்டுவந்து சேர்த்தார். வீடும் மனையும் நிலமும் ஏற்பாடு செய்து கொடுத்தார். சில பொருள்களும் அவ்வப்போது தந்தார். ஆனால் அவர் சாண்டா கிளாரா சபையின் ஆயர். அங்கேதான் அவர் பெரும்பாலும் இருக்க வேண்டும். ஏழு பிள்ளைகளை வளர்க்கும் பொறுப்பு ஏறக்குறைய முழுதாக மேரி ஆன் தலையில் விழுந்தது.

வெயிலில் காயவைத்த பச்சைக் கல்லால் கட்டிய இரண்டு அறை வீடு. தரையும் மண், கூரையும் மண். ஊரோரம் வர்ஜின் ஆறு. வருவது வண்டல் கலந்த செந்நிறத் தண்ணீர். ஆண்டு மழை 20 சென்டிமீட்டருக்கும் குறைவு. கோடை வெயில் 45 டிகிரியைத் தொடும். சுற்றிலும் தானாக வளர்ந்து நிற்பது மெஸ்கீட் முள்மரம். நம் கண்மாய்களை அடைத்து நிற்கும் சீமைக்கருவேலத்துக்கு அது நெருங்கிய சொந்தம். அந்தக் கண்டத்தில் இருந்துதான் சீமைக்கருவேலமும் இங்கே வந்தது. அப்படிப்பட்ட மண்ணைத் திருத்தி வெள்ளாமை செய்வது எவ்வளவு பாடு என்று விவசாயிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கணவருக்குப் பாரமாக இருக்கக் கூடாது, பிள்ளைகளோடு தன் காலில் நிற்க வேண்டும் என்று மேரி ஆன் முடிவு செய்தார். அந்த முடிவுக்கு அவர் போட்ட திட்டம், இன்றைக்குப் பார்த்தாலும் குறை சொல்ல முடியாத திட்டம்.

பதின்ம வயதில் இருந்த மூத்த மகன் ஆல்பர்ட் வயலைப் பார்த்துக்கொண்டான். தம்பி வில்ஃபர்ட் உதவினான். மக்காச்சோளம், பூசணி, முலாம்பழம், பாகு காய்ச்சும் இனிப்புச் சோளம் ஆகியவை போட்டார்கள். மக்காச்சோளமும் பூசணியும் வீட்டுக்கும் ஆச்சு, பன்றிகளைக் கொழுக்க வைக்கவும் ஆச்சு. வெள்ளைச் சர்க்கரை விலைக்கு வாங்க முடியாத இடத்தில், இனிப்புச் சோளத் தட்டையைப் பிழிந்து காய்ச்சிய பாகுதான் இனிப்பு.

காய்கறித் தோட்டம் மேரி ஆனின் பொறுப்பு. ஆண்டு முழுவதும் பிள்ளைகளுக்குப் பச்சைக் காய்கறி கிடைக்க வேண்டும் என்று எந்தக் காலத்திலும் தோட்டம் இல்லாமல் அவர் இருந்ததில்லை. களை எடுப்பதிலும், வாரத்துக்கு இரண்டு முறை தண்ணீர் பாய்ச்சுவதிலும் நேரம் போய்க்கொண்டே இருக்கும். முறைத் தண்ணீர் என்றால், அது வரும் நேரத்தில் மண்வெட்டியோடு மடையில் நிற்க வேண்டும். அடுப்பில் என்ன இருக்கிறது, குழந்தை அழுகிறதா என்று தண்ணீர் பார்க்காது.

பசு பாலும் வெண்ணெயும் கொடுத்தது. கோழி முட்டை கொடுத்தது. பன்றி குளிர்காலத்துக்கு இறைச்சியும் கொழுப்பும் கொடுத்தது. ஒன்று போனால் ஒன்று கைகொடுக்கும். இன்று கூட்டங்களில் ஒருங்கிணைந்த பண்ணையம் என்று பெயர் வைத்துச் சொல்கிறோம். அந்த அம்மாவுக்கு அந்தப் பெயர் தெரியாது. பிள்ளைகள் பட்டினி கிடக்கக் கூடாது என்பது தெரியும்.

இவையெல்லாம் வயிற்றுக்கு. துணிக்கும் மற்றச் செலவுக்கும்தான் அடுத்தவர் காட்டில் பருத்தி எடுத்தது. எடுத்ததில் ஒரு பங்கு கூலி. பருத்தி எடுத்தவர்களுக்குத் தெரியும். குனிந்த முதுகு சாயங்காலம் நிமிராது. காய்ந்த காயின் முனை விரலைக் கிழிக்கும். முதுகை ஒடிக்கும் வேலை என்று அவரே எழுதியிருக்கிறார். ஆனாலும் பிள்ளைகளுக்குத் துணி கிடைத்ததே என்று அடுத்த வரியிலேயே ஆறுதல் பட்டுக்கொள்கிறார்.

பெண்கள் சேர்த்த கோதுமை

அந்த வாழ்க்கையில் கோயில் என்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும் போய்வரும் இடம் அல்ல. மார்மன் பெண்களுக்கு 1842-இல் தொடங்கிய ரிலீஃப் சொசைட்டி என்ற சங்கம் உண்டு. ஊருக்கு ஊர் அதன் கிளை இருந்தது. யார் வீட்டில் பிரசவம், யார் வீட்டில் சாவு, யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று பார்ப்பது அதன் வேலை. கணவர் பக்கத்தில் இல்லாத ஒரு பெண்ணுக்கு இது எவ்வளவு பெரிய துணை என்று யோசித்துப் பார்க்கலாம்.

1876-இல் அந்தச் சங்கத்துப் பெண்களிடம் ஒரு வேலை ஒப்படைக்கப்பட்டது: பஞ்ச காலத்துக்குக் கோதுமை சேர்த்து வைப்பது. அறுவடை முடிந்த காட்டில் சிந்திய கதிரைப் பொறுக்கியும், வீடு வீடாகக் கேட்டு வாங்கியும், தாங்களே களஞ்சியம் கட்டியும் சேர்த்தார்கள். 1906-இல் சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கத்தில் தவித்தவர்களுக்கு அதில் இருந்து மாவு போனது. 1918-இல், முதல் உலகப் போர்க் காலத்தில், 2 லட்சம் புஷலுக்கும் அதிகமான கோதுமையை அமெரிக்க அரசுக்கு விற்றார்கள். ஏறக்குறைய 5,400 டன். கதிர் பொறுக்கிய கைகள் சேர்த்த தானியம் அது.

கணக்கில் வராத வேலை

அந்தக் காலத்து அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், நிலத்தில் பாடுபட்ட பெண்கள் பலருக்கும் தொழில் என்ற இடத்தில் 'வீட்டைப் பார்த்துக்கொள்பவர்' என்றுதான் எழுதினார்கள். விவசாயி என்ற பெயர் ஆணுக்கு. மேரி ஆனின் பண்ணையை எடுத்துக்கொள்ளுங்கள். என்ன விதைப்பது, எந்தப் பிள்ளையை எந்த வேலைக்கு விடுவது, எதை விற்பது, எதை வைத்துக்கொள்வது என்ற முடிவுகளை அன்றாடம் எடுத்தவர் யார்? வீட்டுக்காரர் வருவது எப்போதோ. மண்வெட்டியைப் பிடித்தது அவர் கை. களை பிடுங்கியது அவர் கை. பால் கறந்ததும் அவர் கை. இருந்தாலும் ஊர் அவரை 'ஹாஃபனின் மனைவி' என்றே அறிந்திருக்கும்.

இது அந்த ஊருக்கும் அந்தக் காலத்துக்கும் மட்டும் உரிய குறை அல்ல. ஒரு குடும்பத்தின் வெள்ளாமைக் கணக்கில் விதை, உரம், உழவுக்கூலி எல்லாம் எழுதுவார்கள். வீட்டுப் பெண்ணின் களையெடுப்பும், மாட்டுத் தீவனமும், கொல்லைக் கீரையும் எந்த வரியிலும் வருவதில்லை. வராததால் அது இல்லாமல் போய்விடாது. அந்த உழைப்பு நின்ற நாளில்தான் அதன் மதிப்பு தெரியும்.

பள்ளிக்கூடம் போன பிள்ளை

அந்த ஏழு பேரில் ஒருவர் லெராய் ஹாஃபன். 1893-இல் பங்கர்வில்லில் பிறந்தவர். பாலைவனத்து மண்வீட்டில் பிறந்த அந்தப் பிள்ளை படித்துப் படித்து, 1924-இல் வரலாற்றில் முனைவர் பட்டம் பெற்றார். அதே ஆண்டு கொலராடோ மாநிலத்தின் அரசு வரலாற்றாளர் ஆகி, 1954 வரை 30 ஆண்டுகள் அந்தப் பொறுப்பில் இருந்தார். மேற்குப் பகுதிக்கு மக்கள் குடியேறிய வரலாற்றை எழுதியவர்களில் முக்கியமானவர்.

மேரி ஆன் 80 வயதைத் தாண்டிய பிறகு தம் நினைவுகளை எழுத்தில் வைத்தார். 1938-இல் டென்வர் நகரில் அது ஒரு சிறிய நூலாக அச்சானது. கடைக்கு வைத்து விற்க அல்ல. பேரன் பேத்திகள் படிக்கட்டும் என்றுதான். கைவண்டி, மிரண்ட பசு, வெள்ளம், மனசுக்கு ஒப்பாத கலியாணம், மண்வீடு, பருத்திக் காடு எல்லாம் அதில் இருக்கின்றன. அலங்காரம் எதுவும் இல்லை. 1983-இல் ஒரு பல்கலைக்கழகப் பதிப்பகம் அதை மறுபதிப்பாகக் கொண்டுவந்தது. அன்றைய பெண்களின் வாழ்க்கையை ஆராய்பவர்கள் இன்றும் அதைத் தேடிப் படிக்கிறார்கள்.

மேரி ஆன் 1946-இல் காலமானார். கைவண்டியில் வந்தவர், ரயிலையும் மோட்டார் காரையும் விமானத்தையும் பார்த்துவிட்டுத்தான் போனார். கடைசி வரை அவர் நம்பிக்கையில் தளர்வு இல்லை.

1960-இல், அந்த நடைப் பயணத்தின் நூறாவது ஆண்டில், லெராயும் அவர் மனைவி ஆனும் சேர்ந்து கைவண்டிக் கூட்டங்களின் முழு வரலாற்றையும் நூலாக எழுதி வெளியிட்டார்கள். பத்துக் கூட்டங்களின் கதையும் அதில் இருக்கிறது. இறக்கத்தில் மட்டும் வண்டியில் ஏறிக்கொண்ட ஆறு வயதுச் சிறுமி போன அந்தக் கடைசிக் கூட்டத்தின் கதையும் இருக்கிறது. அதை எழுத அவருடைய பிள்ளைக்குப் படிப்பு இருந்தது. பருத்திக் காட்டுக்குப் பெரிய பிள்ளைகளைக் கூப்பிடாமல், கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு தனியாகப் போன ஒரு தாய் சேர்த்து வைத்த சொத்து அந்தப் படிப்பு.